எலிப்படமும் நெருப்புப்படமும்

நெல்லியடியில் நெருப்புப்பெட்டி விற்ற கடைக்காரர்கள் எல்லோரும் மாடிவீடு கட்டியதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அந்த மனிதர் சுருட்டுக் குடிப்பதில்லை, பீடி குடிப்பதில்லை, வீட்டில் அடுப்பு மூட்டுவதும் அவரில்லை. ஆனாலும் நாளுக்கு ஒரு பெட்டி அவருக்குக் காணாது. எந்தப் பொருளைக் கண்டாலும் அதன் ஓரத்தில் நகக்கண் அளவு நறுக்கி, நெருப்பு வைத்து, எப்படி எரிகிறது என்று பார்த்து, மூக்கால் ஒருதரம் இழுத்து, அதற்குப் பிறகுதான் அந்தப் பொருளை நம்புவார். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எங்கள் பக்கத்தில் அவரை நெருப்புப்பெட்டியர் என்றால்தான் தெரியும். என் பட்டறை வரவு இடாப்பிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அவரும் மறுக்காமல் அதற்கு நேரே கையெழுத்து வைத்தார்.

என்னைப்பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னை விட்டது; நான் அதை விடவில்லை. ஓட்டை விழுந்த வள்ளங்களுக்கு ஒட்டுப்போட்டுத் திரிந்தவன், இன்றைக்கு வள்ளம், தண்ணீர்த்தாங்கி, கோயில் சிங்கமுகம், கடைப் பெயர்ப்பலகை எல்லாம் ஃபைபரில் வார்க்கிற பட்டறைக்கு முதலாளி. வடமராட்சிக் கடலில் ஓடுகிற வள்ளங்களில் பாதி நான் செய்தவை. மற்றப் பாதி என்னைப் பார்த்துச் செய்தவை. இதை நான் சொல்லும்போதெல்லாம் என் மனைவி அடுப்படியில் இருந்து குரல் கொடுப்பாள்: "கடலுக்கு அடியிலை தாண்டு போனதுகளையும் சேர்த்தோ சொல்லுறியள்?"

ஃபைபர் வேலை தெரியாதவர்களுக்கு: கண்ணாடி நாரை அச்சின்மேல் விரித்து, அதில் றெசினைப் பூசி, உருளையால் உருட்டி, காய்ந்ததும் கழற்றி எடுப்பதுதான் தொழில். றெசின் தேன் மாதிரி ஒழுகுகிற ஒரு பிசின். இறுக்கும் மருந்து கொஞ்சம் விட்டுக் கலக்கினால் தானே சூடேறிக் கல்லாகிவிடும். அவ்வளவுதான். இந்த அவ்வளவுக்குத்தான் நான் நாற்பது வருடமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறேன்.

நெருப்புப்பெட்டியர் வேலை கேட்டு வந்த நாளை மறக்கமுடியாது. கடலுக்குப் போய் வந்த கரையோரத்து மனிதர். என்னைவிட மூன்று நாலு வயது மூத்தவர். இடக்கையில் மணிக்கட்டில் இருந்து முழங்கைவரை தோல் உருகி இறுகின தழும்பு. என்ன நடந்தது என்று கேட்டேன். "திருக்கை அடிச்சது" என்றார். (அடுத்த கிழமை இன்னொருவரிடம், "தேத்தண்ணி ஊத்துப்பட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.) அப்போதுதான் நான் தங்க எழுத்தில் விசிட்டிங் காட் அடித்து வைத்திருந்தேன். வேலை கேட்டு வருகிறவர்களுக்கும் அதில் ஒன்றை நீட்டிவிடுவேன். மரியாதை அப்போதுதான் வரும். நீட்டினேன்.

வாங்கினார். வாசிக்கவில்லை. வெளியே போனார். வளவின் கோடிக்கு நடந்தார். சிறு புகை ஒன்று எழும்பியது. மூலை கருகின விசிட்டிங் காட்டோடு திரும்பி வந்தார்.

"தம்பி, இது பிளாஸ்ரிக் பூசின மட்டை. எழுத்தும் தங்கம் இல்லை."

"நான் தங்கம் எண்டு சொன்னனானோ?"

"நீ நீட்டின மாதிரிக்குத் தங்கம் எண்டெல்லோ நினைச்சன்."

பட்டறையில் பதினொரு பேர் என்னை முதலாளி என்பார்கள். கடைசிவரை தம்பி என்றவர் இவர் ஒருவர்தான். வந்த ஆட்களுக்கு முன்னாலும் தம்பிதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அவரை விசரர் என்று நினைத்துவிடுவீர்கள். றெசின் பட்டறைக்குள் அதன் ஆவி காற்றில் கலந்திருக்கும். அங்கே ஒரு குச்சியை உரசினால் பட்டறையும் முதலாளியும் ஒன்றாகத்தான் மேலே போவோம். நெருப்புப்பெட்டியர் பட்டறைக்குள் ஒருநாளும் பெட்டி கொண்டுவந்ததில்லை. வாசலில் இருந்து நாற்பது அடி எண்ணி நடந்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, வேலி ஓரத்தில் ஒரு தட்டைக்கல் போட்டார். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், பால்மா வந்த தகர ரின்னுக்குள் நெருப்புப்பெட்டி. அதற்குச் சோதனைக்கல்லு என்று பெயர். எங்கள் பட்டறையில் விழுந்த ஒவ்வொரு துண்டும் அந்தக் கல்லுக்குப் போய்த்தான் மோட்சம் அடைந்தது.

என் மகளின் கலியாணத்திலும் ஒரு சோதனை நடந்தது. கூறைச்சேலை அசல் பட்டு என்று நான் இரண்டு கிழமையாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து இருந்த நேரம் பார்த்து இவர் மண்டபத்துக்குப் பின்னால் இருந்து வருகிறார். கையில் இரண்டு நூல். ஒன்றில் சாம்பல், மற்றதில் கறுப்பாக ஒரு மணி.

"பட்டு எரிஞ்சால் தலைமயிர் கருகின மணம் வரும். நைலோன் எண்டால் உருகி மணி கட்டும்" என்று சபைக்கு விளக்கினார். சபை மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது. என் சம்பந்தி மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அப்ப எது எது?"

"கூறை அசல் பட்டு. பிள்ளை குடுத்து வைச்சவள்." எல்லோரும் மூச்சு விட்டார்கள். அவர் என் தோளில் மடித்துக் கிடந்த சால்வையைக் காட்டினார். "உதுதான் உருகினது. தம்பி, சபையிலை பட்டு இல்லாத ஆள் நீ மட்டும்தான்."

அன்றைக்கு மண்டபத்தில் எழும்பின சிரிப்பில் சம்பந்திமாருக்குள் இருந்த இறுக்கம் எல்லாம் போய்விட்டது. என் சால்வை போனது வேறு கதை.

இனி நான் மாட்டின கதைக்கு வருகிறேன்.

எனக்கு இங்கிலீசு வாசிக்க வராது. ஆனால் படம் வாசிப்பேன். படம் வாசிப்பதில் என்னை வெல்ல ஆளில்லை என்றுதான் நினைத்திருந்தேன். முந்தி எங்களுக்குக் கொழும்பில் இருந்து வந்த றெசின் பீப்பாக்களில் எழுத்து மட்டும் இருந்தது. பிறகு வந்தவற்றில் சிவப்புக் கட்டத்துக்குள் நெருப்புக் கொழுந்துவிட்டு எரிகிற படம் ஒன்றும் இருந்தது. நான் ஒரு நிமிடம் யோசித்தேன். நுளம்புத்திரிப் பெட்டியில் நுளம்புப் படம். கரப்பான் மருந்தில் கரப்பான் படம். எலிமருந்தில் எலிப்படம். பெட்டிக்குள்ளே எலியா இருக்கிறது? எலிக்கு எதிரான மருந்து. அப்படியானால் நெருப்புப்படம் போட்டது நெருப்புக்கு எதிரான றெசின்! புதுச் சரக்கு, எரியாத சரக்கு. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால் கண்டுபிடித்த பெருமை பங்குபட்டுவிடும் அல்லவா?

அந்த வருடம் எங்கள் அம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்துகிற இடத்துக்கு மேலே இருந்த தகரக்கூரை கறள் பிடித்து விழுந்துவிட்டது. புதிதாகத் தாமரைப்பூவைக் கவிழ்த்த மாதிரி ஒரு ஃபைபர்க் குடை வைக்கலாம் என்று கோயில் தலைவர் என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். பொறுப்பான மனிதர். கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"ஃபைபர் எரியாதோ? சனம் கீழை நிண்டு கும்பிடுற இடம்."

"மற்றவையின்ரை ஃபைபர் எரியும். என்ரை எரியாது. சூளைக்குள்ளை போட்டாலும் எரியாது. என்ரை பேரை எழுதி வையுங்கோ."

எழுதி வைக்கச் சொன்னது ஒரு வேகத்தில். ஆனால் சொன்னபிறகு அந்த யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. குடையை நானே உபயமாகச் செய்து தருவதாகவும், விளிம்பில் என் பெயர் புடைப்பு எழுத்தில் இருக்கும் என்றும் அங்கேயே முடிவாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து நெருப்புப்பெட்டியரின் மனைவிக்குக் கண்ணில் படர்ந்த வெள்ளையை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். அவர் இரண்டு கிழமை வேலைக்கு வரவில்லை. நெருப்புப்படம் போட்ட பீப்பாவை உடைத்து, நானே முன்னின்று குடையை வார்த்தேன். பெயர்த்தகடுதான் முதலில் சரிவரவில்லை. கழற்றிக் கழுவி வெயிலில் வைத்ததும் மனைவி வந்து வாசித்தாள்.

"இஞ்சாருங்கோ, இதென்ன 'உபாயம்' எண்டு கிடக்கு?"

"உபயம்."

"உபயத்துக்கு அரவு இல்லை. இது உபாயம். ஊரை ஏமாத்துற உபாயம் எண்டு நீங்களே பேர் போட்டுக் குடுக்கப் போறியளோ?"

அதைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு, அரவு என்கிற அந்தத் துணைக்கால் இல்லாமல் இன்னொன்று வார்த்தேன். குடை கம்பீரமாக வந்தது. கொடியேற்றத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

அடுத்தநாள் நெருப்புப்பெட்டியர் வேலைக்கு வந்தார். குடையைச் சுற்றி ஒருதரம் நடந்தார். மூலையில் கிடந்த 'உபாயம்' தகட்டைக் கையில் எடுத்தார். நாற்பது அடி நடந்தார். வேலிப் பக்கத்தில் சிறு புகை எழும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பியது சிறு புகை அல்ல. டயர் கொளுத்தினது போலக் கறுப்பாகச் சுருண்டு சுருண்டு பனைமர உயரத்துக்குப் போனது.

திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, எரியுது."

"எது?"

"உன்ரை பேர்."

நான் சிரித்தேன். ஆறுதலாக இருத்தி, நுளம்புத்திரியில் தொடங்கி எலிமருந்து வரை என் கண்டுபிடிப்பை அவருக்கு விளக்கினேன்.  முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"முட்டைப் பெட்டியிலை என்ன படம் போட்டிருக்கு?"

"கோழி."

"முட்டை கோழிக்கு எதிரோ?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. றெசின் விற்கிற கடைக்குக் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, அவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகப் போட்டேன். கதைத்தது ஒரு பெண்பிள்ளை. படத்தைப் பற்றிக் கேட்டேன்.

"ஐயா, அது கவனம்னு போட்ட படம். உள்ளுக்க இருக்கிற சாமான் சீக்கிரம் பத்திக்கும், நெருப்புக்கிட்ட கொண்டு போகாதீங்கன்னு."

"அப்ப இது எரியாத றெசின் இல்லையோ பிள்ளை?"

"ஐயோ, இல்லைங்க ஐயா. அது சாதாரண றெசின். நல்லா எரியும். தீயைத் தாங்கிற றெசின் வேணும்னா தனியாக் கேக்கணும். நீங்க இத்தனை வருஷத்தில ஒருநாளும் கேக்கலையே."

அந்த 'நல்லா எரியும்' என்பதை அவள் வஞ்சகம் இல்லாமல், ஏதோ என் பிள்ளை நன்றாகப் படிக்கிறான் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

இந்த இடத்தில் நான் பெருமைப்படக்கூடியதாக எதையும் செய்யவில்லை. எழுதுகிறேன் என்பதற்காக மறைக்கப்போவதும் இல்லை. நான் சொன்னது இதுதான்: "அண்ணை, கொடியேற்றம் கிட்டுது. கற்பூரம் எண்டது சின்ன நெருப்பு. குடை ஏழடி உயரத்திலை. ஆருக்குத் தெரியப்போகுது?"

அவர் கோபிக்கவில்லை. தழும்பு விழுந்த கையை மேசையில் நீட்டி வைத்தார்.

"இது திருக்கை அடிச்சதில்லை தம்பி."

"தெரியும் அண்ணை."

"நடுக்கடலிலை என்ஜின் பத்திச்சுது. மேலை போட்டிருந்த மூடி எரியாது எண்டு சொல்லித்தான் ஒருத்தன் வித்தவன். நம்பிக் கையாலை அமத்தினன். அது உருகி என்னிலை ஒட்டிச்சுது." கையை எடுத்துக்கொண்டார். "அவன் பொய்யன் இல்லை. உன்னை மாதிரித்தான். அவனுக்கும் தெரியாது."

பிறகு வெளியே போய்ச் சோதனைக்கல்லடியில் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். எரிந்த தகட்டில் என் பெயர் உள்ள பாதி மிச்சம் இருந்தது. நெருப்புப்பெட்டியை என் கையில் தந்தார்.

"நீயே பத்த வை."

முதலாளியாக இருந்த இத்தனை வருடத்தில் அந்தக் கல்லுக்கு நான் நடந்து போனது அதுதான் முதல்தடவை. குச்சியை உரசி விளிம்பில் பிடித்தேன். பிடித்துக்கொண்டது. குச்சியை எடுத்துவிட்டேன். அது என்னை எதிர்பார்க்கவில்லை, தன்பாட்டில் எரிந்தது. முதல் எழுத்து கொப்பளித்தது, இரண்டாம் எழுத்து சுருண்டது. றெசின் எரிந்து போன இடத்தில் வெறும் கண்ணாடி நார் நரைத்த தாடிபோல என் விரலில் தொங்கியது. அம்மனுக்கு முன்னால், நூறு பேருடைய தலைக்கு மேலே, இதே மாதிரி. தண்ணீர் வாளிக்குள் போட்டேன். 

"குடையை அறுப்பம் அண்ணை" என்றேன்.

"ஓம். முதல் கொடிகாமத்துக்குப் போய் வருவம்."

நான் மறந்துபோக விரும்பியதை அவர் மறக்கவில்லை. கொடிகாமத்தில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு அடுப்புக்குப் பின்னால் அடிக்க இதே 'எரியாத' தகடு ஒன்று செய்து கொடுத்திருந்தேன். போய், என் கண்டுபிடிப்பைக் கடைக்காரருக்கு முழுதாக ஒப்புவித்தேன். அவர் தேத்தண்ணி ஆற்றினபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எலிப்படமோ?" என்றார். பிறகு கடையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு, என்னைத் திரும்ப முதலில் இருந்து சொல்லச் சொன்னார். மூன்றுதரம் சொன்னேன். தகட்டைக் கழற்றிக்கொண்டு வந்தோம். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால், "எலியர் வாறார்" என்று ஒரு குரல் கேட்கும்.

கொழும்புப் பிள்ளை மூன்று விதமான மாதிரித் துண்டுகளை பஸ்ஸில் போட்டுவிட்டாள். மூன்றையும் கல்லில் வைத்துப் பார்த்தோம். அந்த ஒரு மத்தியானத்தில் நான் படித்தது, ஆறு வகுப்பிலும் படித்ததைவிடக் கூட.

முதல் துண்டில் நெருப்பு வைத்தால் பிடித்தது, குச்சியை எடுத்ததும் சட்டென்று நின்றது. ஆனால் அதில் இருந்து வந்த புகை எங்கள் இருவரையும் வேலிவரை துரத்தியது. "இது நெருப்பின்ரை தொண்டையைப் பிடிச்சு நெரிக்குது. அதோடை எங்கடை தொண்டையையும் பிடிக்குது. கோயிலுக்குச் சரிவராது" என்று தள்ளி வைத்தார். இரண்டாவது துண்டு எரியத் தொடங்கியதும் மேலே கரித்தோல் ஒன்றைப் போட்டுக்கொண்டது. "அடிப்பிடிச்ச சோறு மாதிரி. கரி கட்டினாப் பிறகு சூடு உள்ளுக்குப் போகாது." அது அவருக்குப் பிடித்தது. ஆனால் கொழும்பில் அந்த நேரம் அது பீப்பாவாக இருக்கவில்லை. மாதிரிக்கு மட்டும்தான் இருந்தது.

மூன்றாவது துண்டு வெள்ளையாக, மாக்கட்டி போல இருந்தது. றெசினுக்குள் ஏதோ ஒரு வெள்ளைப் பொடி கலந்திருக்கிறது என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தாள். நெருப்பைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே நின்றார். ஓரம் கறுத்தது, பிறகு ஒரு சின்னச் சுவாலை வந்தது. குச்சியை எடுத்தார். சுவாலை இரண்டுதரம் தலையாட்டியது. போய்விட்டது. புகையும் சொற்பம்தான்.

"நூந்திட்டுது" என்றார். எங்கள் ஊரில் விளக்கை அணைப்பதை நூர்ப்பது என்போம். அவர் அதைச் சொன்ன விதம், யாரோ ஒரு பிள்ளை நித்திரையாகிவிட்டது என்று சொல்வதுபோல இருந்தது.

"எப்பிடி அண்ணை?"

"பச்சை விறகு ஏன் எரியாது? உள்ளுக்குத் தண்ணி இருக்கு. சூடு எல்லாம் அந்தத் தண்ணியை ஆவியாக்கிறதிலை செலவழிஞ்சு போகும். இந்தப் பொடிக்குள்ளையும் தண்ணி பூட்டிக் கிடக்காம். கையாலை தொட்டால் தெரியாது, காய்ஞ்சு போய்த்தான் இருக்கும். சூடு பட்டால்தான் வேர்க்கும். அந்த ஆவி நெருப்புக்குக் காத்தையும் குடுக்காது."

"அப்ப எரியாது."

"எரியும்."

"இப்பதானே அண்ணை..."

"எரியாத சாமான் எண்டு ஒண்டும் இல்லை தம்பி. சூளையிலை போட்டு வைச்சால் வேர்க்கிற தண்ணியும் முடியும், பிறகு இதுவும் எரியும். நெருப்பை எடுத்தால் தானா நூரும். அவ்வளவுதான் அது தரக்கூடிய வாக்கு. அதுக்கு மேலை நீ குடுக்காதை."

கொடியேற்றத்துக்கு ஆறு நாள் இருந்தது. பீப்பா வந்து இறங்கியதும் நான் பாய்ந்து போய் லேபலைப் பார்த்தேன்.  அதிலும் சிவப்புக் கட்டம், அதிலும் அதே நெருப்புப்படம்!

"அண்ணை, மாறி அனுப்பிப் போட்டாள்!"

நெருப்புப்பெட்டியர் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். "தண்ணியாய் இருக்கேக்கை இதுவும் பத்தும் தம்பி. இறுகினாப் பிறகுதான் நூருற குணம் வரும். மனிசரும் அப்பிடித்தான். நீ மட்டும் இன்னும் இறுகேல்லை."

பொடி கலந்த றெசின் தோசைமா மாதிரித் தடிப்பு. தூரிகையில் ஒட்டினால் விடாது, நாருக்குள் இறங்காது, உருளையை உருட்டினால் தோள்மூட்டுக் கழன்றுவிடும். ஒற்றைக் கையில் நல்ல பலம் இல்லாத அந்த மனிதர் முழுக் குடையையும் தானே உருட்டினார். ஒரு காற்றுக்குமிழி உள்ளே நிற்க விடவில்லை. மற்றவர்களைக் கிட்டவும் விடவில்லை. முதலாளியை மட்டும் வாளி பிடிக்க விட்டார்.

குடையைக் கோயிலில் பூட்டுகிற நாள் தலைவரும் சபையும் வந்து நின்றார்கள். தலைவர் பழையபடி கேட்டார்: "ஐயா, எரியாதுதானே?"

வாய் 'எரியாது' என்று தொடங்கிவிட்டது. 'எ' வெளியே வந்தும் விட்டது. நெருப்புப்பெட்டியர் குடையைப் பார்த்தபடி நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் கூடக் கரைச்சலாக இருந்தது.

"எரியும்" என்றேன். "ஆனா தானா நூரும்."

சபை ஒருவரை ஒருவர் பார்த்தது. "எரியும் எண்டு சொல்லி உபயம் செய்யிற முதல் ஆள் நீங்கள்தான்" என்றார் தலைவர். நான் எலிப்படத்தில் இருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கொடிகாமத்தில் நல்ல பயிற்சி கிடைத்திருந்தபடியால் தங்குதடை இல்லாமல் வந்தது. கேட்டு முடிந்ததும் தலைவர் மாதிரித் துண்டு ஒன்றை வாங்கி, தானே கற்பூரத்தில் பிடித்துப் பார்த்தார். குடை ஏறியது.

தேர்நாள். சோளகக் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு அடித்தது. நேர்த்திக்காரர் கூடை கூடையாகக் கற்பூரத்தைக் கொட்டினார்கள். யாரோ ஒருவர் பெரிய பொதி ஒன்றை அப்படியே பொதியோடு போட்டுவிட்டார். சுவாலை திடுதிப்பென்று ஆள் உயரத்துக்கு மேலே எழும்ப, காற்று அதைச் சரித்துக் குடையின் விளிம்பில் கொண்டுபோய் வைத்தது. சனம் "ஐயோ" என்று பின்வாங்கியது. என் பெயருக்குக் கீழே விளிம்பு கறுத்தது. நாக்கு மாதிரி ஒரு சுவாலை அதில் ஒட்டிக்கொண்டு நின்றது. நான் அம்மனைக் கூப்பிட்டேன். அதுவரை என் கெட்டித்தனத்தை மட்டுமே கூப்பிட்டுப் பழகினவன்.

இரண்டு பேர் மணலை அள்ளிக் கற்பூரத்தில் போட்டார்கள். கீழே நெருப்புத் தணிந்தது. மேலே அந்த நாக்கு மட்டும் தனியே. இரண்டுதரம் தலையாட்டியது.

போய்விட்டது.

"அம்மன் காப்பாத்திப் போட்டா!" என்று ஒரு பெண் கத்தினாள். சனம் அரோகரா போட்டது. நான் நெஞ்சை நிமிர்த்தி இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று திரும்பினேன். நெருப்புப்பெட்டியர் பக்கத்தில் நின்றார். கண் கலங்கியிருந்தது, கற்பூரப் புகையாக இருக்கலாம். தழும்புக் கையை மற்றக் கையால் தடவிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "நூந்திட்டுது" என்றார். பிறகு தண்ணீர்ப்பந்தலுக்கு மோர் குடிக்கப் போய்விட்டார்.

அந்தக் கறுப்பை அழித்து வர்ணம் பூசட்டோ என்று தலைவர் கேட்டார். வேண்டாம் என்றேன். இப்போதும் போனால் பார்க்கலாம்: உபயம், என் பெயர், அதற்குக் கீழே ஒரு கறுப்பு நாக்கு. அரவு ஒன்றும் இல்லை.

போன வருடம் அவரையும் மனைவியையும் மகள் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டாள். வழியனுப்ப பஸ்சடிக்குப் போனேன். மடியில் இருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். குடை வார்த்து மிஞ்சின றெசினில் தானே செய்த உறை. அதற்குள் ஒரு நெருப்புப்பெட்டி.

"பிளேனிலை கொண்டுபோக விடமாட்டாங்களாம். நீ வைச்சிரு. நனைய விடாதை. சித்திரைக்கு வந்து வாங்குவன்."

அங்கே போய் மூன்றாம் நாளே தொலைபேசி வந்தது. பின்னணியில் ஏதோ மணி விடாமல் கூவியது. மகள் யாரையோ ஏசுகிற சத்தமும் கேட்டது.

"தம்பி, இஞ்சை ஜன்னல் சீலையிலை நெருப்புத் தாங்கும் எண்டு எழுதிக் கிடக்கெண்டு பிள்ளை வாசிச்சுச் சொன்னவள். சும்மா ஓரத்திலை ஒருக்காப் பிடிச்சுப் பாத்தனான்."

"அதென்ன அண்ணை சத்தம்?"

"அது முகட்டிலை ஒரு பெட்டி. புகைக்குக் கத்துதாம். நெருப்பணைக்கிற ஆக்களும் வாகனத்தோடை வந்து நிக்கினம். அதை விடு. சீலை தானா நூந்திட்டுது தம்பி! நல்ல சாமான்!"

சித்திரை போய்விட்டது. மகள் விடுகிறாள் இல்லையாம், தைக்கு வருகிறாராம். புதுப் பீப்பா வந்தால் இப்போது நான்தான் துண்டை எடுத்துக்கொண்டு நாற்பது அடி நடக்கிறேன். குச்சி என்னுடைய பெட்டியில் இருந்துதான். அவருடைய பெட்டியில் ஒன்றையும் எடுப்பதில்லை. மனிதர் வந்ததும் எண்ணிப் பார்ப்பார். மாரி பிறந்தால் அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கிறேன். நனையக்கூடாது அல்லவா?